செவ்வாய் சாரும் டிகாஷன் கேப்டனும்

ஆகாயத்தின் மேலேயே புகார் சொன்ன மத்திய அரசு ஊழியர் இந்தத் தேசத்தில் ஒரே ஒருவர்தான். அவர் என் மெஸ்ஸில்தான் சாப்பிட்டார். டெல்லி முனிர்காவில் எல்லோருக்கும் அவர் செவ்வாய் சார். நிஜப் பெயர் அவருடைய ஆபீஸுக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் தெரியும். அவருக்கே பாதி நாள் மறந்துபோயிருக்கும் என்பது என் கணிப்பு. என் கணிப்பு தப்பாது.

இதைத் தற்பெருமை என்று நினைக்க வேண்டாம். விருதுநகர்ப் பக்கம் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு டெல்லிக்கு ரயிலேறியவன் நான். கரோல் பாகில் தட்டுக் கழுவினேன். முனிர்காவில் சொந்தமாக மெஸ் போட்டேன். இன்று துவாரகாவில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டு திரிகிறவர்களில் எத்தனையோ பேர் என் சாம்பாரில் வளர்ந்தவர்கள். சாப்பிடுகிற தினுசைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவேன். அப்படி எடைபோட முடியாமல் நான் திணறியது செவ்வாய் சாரிடம் மட்டும்தான்.

ஏதோ ஒரு மந்திரி ஆபீஸில் கிளார்க். தஞ்சாவூர்க்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோளில் ஒரு ஜோல்னாப் பை, சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில். தரியாகஞ்சில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் பழைய புத்தகம் விற்பார்களே, அங்கே போய் விண்வெளிக் கதைப் புத்தகங்களாகப் பொறுக்கிக்கொண்டு வருவார். எல்லாம் இங்கிலீஷ். ஒரு கையால் ரசம் சாதம், மறு கையால் சிவப்புப் பென்சில். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார் மாதிரி பக்கம் பக்கமாகச் சுழித்துக்கொண்டே போவார். நடுநடுவே "அயோக்கியப் பசங்க" என்பார். முதலில் என் ரசத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் சண்டைக்கே போய்விட்டேன்.

யாரைப் பார்த்தாலும் அவரிடம் ஒரே கேள்விதான். காய்கறி விற்கிறவனை நிறுத்துவார். "பையா, மங்கள் கிரகத்துக்கு ஒரு கப்பல் போகுது. உன்னை ஏத்திப்பாங்களா?" என்று இந்தியில் கேட்பார். இந்தியில் மங்கள் என்றால் செவ்வாய். அவன், "கத்தரிக்காய் வாங்கினா வாங்கு, இல்லேன்னா நகரு" என்பான். பஸ் கண்டக்டரிடம் கேட்டார். அவன் அடுத்த ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டான். என்னிடமும் ஒரு நாள் கேட்டார்.

"ஏத்திக்காம எங்க போவாங்க சார்? நான் வராம அவங்களுக்கு சாப்பாடு யாரு போடுறது?" என்றேன்.

அந்தப் பதிலுக்காகவே பிறந்தவர் மாதிரி பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

"பாருங்க அண்ணாச்சி. கேப்டன் வெள்ளைக்காரன். டாக்டர் வெள்ளைக்காரன். இன்ஜினியர் யாரு? பச்சைக் கலர்ல மூணு கண்ணோட ஒருத்தன். ஜன்னலோரம் உக்காந்திருக்கிறது பேசுற ஆக்டோபஸ். ஆக்டோபஸுக்கு ஜன்னல் சீட்டு! உங்க கலர்ல ஒருத்தன் இருக்கானா? இல்ல. சீனாக்காரன் இருக்கானா? ஆப்பிரிக்காக்காரன்? கிடையாது."

"சமையல்கட்டுலயாவது நம்ம ஆளு இருப்பானே சார்?"

"சமையல்கட்டே இல்ல அண்ணாச்சி. மாத்திரை முழுங்குறாங்க."

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நிறம் கிடக்கட்டும். சாப்பாட்டுக்குப் பதில் மாத்திரை கொடுக்கிற கும்பல் எந்த அக்கிரமத்தைத்தான் செய்யாது? டெல்லித் தமிழனுக்குக் கோபம் வந்தால் ஊருக்கு டிக்கெட் போடுவான், இல்லாவிட்டால் சங்கம் வைப்பான். நாங்கள் சங்கம் வைத்தோம்.

பெயர், சகல நிற விண்வெளிக் கதைச் சங்கம். எல்லா நிறத்து மனுஷர்களும் கப்பலில் ஏறுகிற மாதிரிக் கதை எழுதுகிறவர்களைத் தேடிப் பிடித்து, எழுத வைத்து, புத்தகம் போடுவது வேலை. "லாப நோக்கமில்லாத சங்கம் அண்ணாச்சி" என்றார் செவ்வாய் சார். "அந்தப் பழக்கம் எனக்கு இல்லையே சார்" என்றேன். "அதனாலதான் உங்களைத் தலைவரா போடுறேன். கணக்கு வழக்கு தெரிஞ்ச ஆள் வேணும்" என்றார். ஏழாம் வகுப்பு படித்தவன் தலைவர், எம்.ஏ. படித்தவர் செயலாளர். அந்தச் சங்கத்தில் எல்லாம் முறையாகவே நடந்தது.

சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்து வேண்டும். ஆபீஸ் வைத்திருக்கிற கட்டடத்தின் சொந்தக்காரர் ஆட்சேபணை இல்லை என்றும் எழுதித் தர வேண்டும். ஆபீஸ் என் மெஸ்தான். கட்டடம் சௌத்ரியுடையது. முனிர்காவின் பழைய குடி. ஆறடி உயரம், முறுக்கு மீசை, கையில் எப்போதும் ஹூக்கா. அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன். வசவுகளை எடுத்துவிட்டதால் பாதியாகக் குறைந்திருக்கும்.

"அரே மதராசி, என் மொட்டைமாடியில ராக்கெட் விடப்போறியா?"

"ராக்கெட் இல்ல சௌத்ரி சாப். ராக்கெட்டைப் பத்திக் கதை."

"கதைக்கு எதுக்குக் கட்டடம்? ஏதோ வெடி வெக்கப்போற. வாட்டர் டேங்க் போச்சுன்னா யாரு கட்டுவா?"

செவ்வாய் சார் முன்னால் வந்தார். "சௌத்ரி சாப், ஒரே கேள்வி. மங்கள் கிரகத்துக்கு ஒரு கப்பல் போகுது. உங்களை ஏத்திப்பாங்களா?"

சௌத்ரி ஹூக்காவை ஒரு இழு இழுத்தார். யோசித்தார். முகம் சிவந்தது. "ஏன் ஏத்திக்க மாட்டானுங்க?"

"இந்தப் புஸ்தகத்துல ஒரு சௌத்ரிகூட இல்லையே."

"ஒருத்தன்கூட?"

"ஆக்டோபஸ் இருக்கு."

சௌத்ரி ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு கதையிலும் கப்பலில் ஒரு ஹூக்கா இருக்க வேண்டும். ஏழாவது உறுப்பினராகவும் அவரே சேர்ந்துகொண்டார்.

வருஷா வருஷம் பொதுக்குழு கூட்ட வேண்டும் என்பது சட்டம். செவ்வாய் சார் அதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொள்வார். யார் சாப்பிட வந்தாலும் உறுப்பினர். "தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்பார். வலது கை சாம்பாரில் இருக்கும். எல்லோரும் இடது கையைத் தூக்குவார்கள். எதிர்த்துக் கை தூக்கியவர்களுக்கு அப்பளம் வராது. எங்கள் சங்கத்தில் கடைசிவரை ஒற்றுமைதான்.

கதைப் போட்டி வைத்தோம். முதல் பரிசு, என் மெஸ்ஸில் ஒரு மாசச் சாப்பாடு. இது என் யோசனை. முனிர்கா முழுக்க வேலை தேடுகிற பையன்களும் ஆராய்ச்சி மாணவர்களும் அடைந்து கிடந்த காலம். கதைகள் கொட்டின. ஆனால் பசியோடு எழுதிய கதைகள். பாதிக் கதைகளில் சனிக்கிரகத்தில் பொங்கல் பரிமாறினார்கள். ஒரு மணிப்பூர்ப் பெண் எழுதிய கதையில் கப்பல் பூமிக்குத் திரும்பியதே மீன் குழம்புக்காக.

ஆபீஸில் செவ்வாய் சாரைக் கேலி செய்வார்களாம். "நீங்க எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கீங்க. உங்களுக்கு ஏன் சார் இந்தக் கவலை?" அவர் சொல்லும் பதில்: "பஸ்ல கால் வெச்சதும் நானும் மதராசிதான். அந்தக் கப்பல்லயும் கண்டக்டர் இருப்பான்ல?"

அந்த வருஷம் முதல் பரிசு சாமுவேலுக்கு. உகாண்டாவிலிருந்து படிக்க வந்த பையன். என் சமையற்காரன் மாசானம் திருநெல்வேலிப் பக்கம். சாமுவேல் முதல்முதலாக மெஸ்ஸுக்கு வந்த அன்று பெயரைக் கேட்டதும் மாசானத்துக்கு ஒரே சந்தோஷம். அவன் ஊர்ப் பக்கம் நாசரேத் என்கிற ஊரில் வீட்டுக்கு ஒரு சாமுவேல்.

"அண்ணனுக்கு எந்த ஊரு? நாசரேத்தா?"

கூட வந்த தமிழ்ப் பையன் மொழிபெயர்த்துச் சொன்னதும் சாமுவேல், "கம்பாலா" என்றான்.

"கம்பாலாவா? சாத்தான்குளத்துக்கு மேக்கயா?"

டெல்லிக்கு வந்து இத்தனை மாசத்தில் தன்னை வெளியூர்க்காரனாக நினைக்காத முதல் ஆள் மாசானம்தான் என்று சாமுவேல் பின்னால் சொன்னான். ஆட்டோக்காரன் நிறுத்த மாட்டான், வீட்டுக்காரன் வீடு தர மாட்டான், தெருவில் பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிடும். என் மெஸ்ஸில் மட்டும் அவனுக்கு நாசரேத் பிரஜை என்ற அந்தஸ்து.

அவன் கதையில் கேப்டன் ஒரு பொம்பளை. நல்ல கறுப்பு. நடு ஆகாயத்தில் இன்ஜின் நின்றுபோனால் அதைத் திட்டியே ஓடவைப்பாள். அவனுடைய அம்மாவை வைத்து எழுதியதாம். அந்த அம்மா கம்பாலாவில் பஸ் ஸ்டாண்டு ஓரம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள். கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் தொழிலில் உள்ளவர்களால் எதையும் ஓட்ட முடியும்.

செவ்வாய் சார் அந்தக் கதையை மெஸ்ஸில் நின்றபடியே வாசித்தார். முடித்ததும் சாமுவேலின் கையைப் பிடித்துக்கொண்டு, "அட்டையில உங்க அம்மாதான். அதே முகம், அதே நிறம். ஒரு பொட்டுக்கூடக் குறையாது. இது சங்கத்தோட வாக்கு" என்றார். சாமுவேல் பர்ஸிலிருந்து அம்மாவின் கலர்ப் போட்டோவை எடுத்துத் தந்தான். முதல் பிரதியை அம்மாவுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னான்.

படம் போட்டது பெயிண்டர் பப்பு. என் மெஸ் போர்டை எழுதியவன். இட்லியை நிலா மாதிரி வரைந்த கெட்டிக்காரன். முதலில் கோட்டுப் படம் கொண்டுவந்து காட்டினான். மூக்கு, முழி, சிரிப்பு, எல்லாம் அந்த அம்மாவேதான். தலைவர் என்ற முறையில் நானும் தலையாட்டினேன். வண்ணம் பிறகு, அச்சுக்கூடத்திலேயே கொடுப்பதாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஸ்ஸிலேயே வெளியீட்டு விழா. சனிக்கிழமை மத்தியானம் கட்டு கட்டாகப் புத்தகம் வந்து இறங்கியது. செவ்வாய் சார் காலையிலிருந்தே காத்திருந்தார். கயிற்றை அவிழ்த்தார். ஒரு பிரதியை எடுத்தார். அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். கேப்டன் வெள்ளை. பால் வெள்ளை. கன்னத்தில் ரோஸ். முகப்பூச்சு விளம்பரத்தில் ஏழு நாளில் வெளுக்கிற பெண்ணே வந்து கப்பலில் ஏறிவிட்ட மாதிரி.

பப்புவைக் கூப்பிட்டு அனுப்பினோம். சிரித்துக்கொண்டே வந்தான். பாராட்டப்போகிறோம் என்று நினைத்திருக்கிறான்.

"போட்டோவுல ரொம்பக் கறுப்பா இருந்துச்சு சாப். நான் சரி பண்ணிட்டேன். அதுக்குத் தனியா எதுவும் வேண்டாம். உங்க மேல உள்ள பிரியத்துல பண்ணினது."

"சரி பண்ணிட்டியா?"

"கேப்டன் சாப்! ஜஹாஸ் ஓட்டுறவ! அவ எப்படிக் காலியா இருப்பா?"

இந்தியில் காலி என்றால் கறுத்தவள். சொன்ன பப்பு என் அடுப்படிக் கரியோடு போட்டி போடும் நிறம். செவ்வாய் சார் அரிசி மூட்டையிலிருந்து எழுந்தார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். மெதுவாக, "பப்பு, அந்த ஜஹாஸ்ல உன்னை ஏத்திப்பாங்களா?" என்று கேட்டார்.

"என்னையா?" பப்பு மறுபடியும் சிரித்தான். "நான் வெளிய நின்னு பேர் எழுதுவேன் சாப். கப்பல் பேரு."

அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். மற்ற யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அண்ணாச்சி," என்றார் செவ்வாய் சார். "இது வெளிய போகக் கூடாது. எதை எதிர்த்துச் சங்கம் வெச்சோமோ அதையே நாம அச்சடிச்சிருக்கோம். நாளைக்கு அந்தப் பையன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது? சங்கத்தைக் கலைச்சிடலாம்."

"சார், அவசரப்படாதீங்க."

"அவசரப்படவும் முடியாது. கலைக்கிறதுக்கும் பொதுக்குழு கூட்டணும்."

மறுபடி அச்சடிக்க நேரமும் இல்லை, வழியும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் மாசானம் ஒரு டம்ளரில் முதல் டிகாஷனைப் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினான். பாலை மறந்துவிட்டான், அவ்வளவு பதற்றம். "வேண்டாம்ப்பா" என்று செவ்வாய் சார் கையை ஆட்டினார். டம்ளர் சாய்ந்தது. புத்தகத்தின்மேல் கொட்டியது. வழவழப்பான அட்டைக்கு வசதியில்லாமல் சாதா அட்டையாகப் போட்டிருந்தோம். அட்டை அந்த டிகாஷனை உறிஞ்சிக் குடித்தது. மாசானம் பதறிப்போய்த் துண்டால் ஒற்றி எடுத்தான். உள்ளே கோடுகள் அப்படியே இருந்தன. கேப்டன் மட்டும் கறுத்துப்போய் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்படியே எல்லாத்துக்கும் பூசிட்டா என்ன?" என்று முதலில் சொன்னது நான்தான். மாசானம் தான்தான் சொன்னதாக இன்றுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். நம்பாதீர்கள்.

அடுப்பில் இருந்ததை இறக்கிவிட்டு டிகாஷன் போட ஆரம்பித்தோம். பப்பு ஓடிப்போய்த் தன் பிரஷ்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தான். தலையை நிமிர்த்தவே இல்லை. டிபனுக்கு வந்தவர்கள் கையில் தட்டுக்குப் பதில் புத்தகத்தைக் கொடுத்தேன். பிரஷ் கிடைக்காதவர்கள் பஞ்சால் பூசினார்கள். சௌத்ரி வாடகை விஷயமாக வந்தவர், விஷயம் தெரிந்ததும் ஹூக்காவை ஓரமாக வைத்துவிட்டுச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "ஜல்தி, ஜல்தி" என்று எல்லோரையும் அதட்டினார். அவர்தான் எல்லோரையும்விட மெதுவாகப் பூசினார்.

காயவைக்க வரிசையாகப் பரப்பியபோதுதான் நான் கவனித்தேன். ஒரு கேப்டன் மாதிரி இன்னொரு கேப்டன் இல்லை. சௌத்ரி பூசிய கேப்டன் கோதுமை நிறம். மணிப்பூர்ப் பெண் பூசியது லேசான தேன் நிறம். மாசானம் பூசியது மாசானம் நிறம். பப்பு பூசியது பப்பு நிறம். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துச் செய்யவில்லை. அவரவர் தன் நிறம் வந்ததும் போதும் என்று கையை நிறுத்தியிருக்கிறார்கள். செவ்வாய் சார் மட்டும் நிறுத்தவில்லை. போட்டோவை எதிரே வைத்துக்கொண்டு, பத்தவில்லை பத்தவில்லை என்று பூசிக்கொண்டே போனார். கேப்டனின் கன்னத்தில் ஓட்டை விழுந்துவிட்டது.

அப்போது வாசலில் சாமுவேல். டிபனுக்கு வந்திருக்கிறான்.

தரை முழுக்கத் தன் அம்மா. கோதுமை நிறத்தில், தேன் நிறத்தில், செம்மண் நிறத்தில். பிரிக்காத கட்டுக்குள் மிச்சமிருந்த வெள்ளை அம்மாவையும் பார்த்தான். என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செவ்வாய் சார் எழுந்து நின்றார். கையில் ஓட்டை விழுந்த புத்தகம்.

சாமுவேல் செருப்பைக் கழற்றினான். பப்புவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவன் கையிலிருந்த பிரஷை வாங்கி, டிகாஷனில் தொட்டு, புதுப் பிரதி ஒன்றில் ஒரு தடவை பூசிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, என் மெஸ்ஸில் தான் கற்ற தமிழில் சொன்னான்:

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா."

மாசானம் மூணாவது தடவையும் வடிகட்டி, கறுப்புக் கூழாக ஒரு டிகாஷன் கொடுத்தான். சாமுவேல் அந்த ஒரே பிரதியைப் பொறுமையாகப் பூசி, ஊதி, காயவைத்து, மறுபடி பூசினான். முடித்துவிட்டுத் தூக்கிப் பிடித்தான். அதே முகம், அதே நிறம். செவ்வாய் சார் மூக்கைச் சிந்தப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் விழா அமர்க்களம். தலைமை விருந்தினர் சௌத்ரி. ஒரே ஒரு தவறு நடந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் டிகாஷன் பத்தாமல் போனபோது சில பேர் தாங்கள் குடித்துக்கொண்டிருந்த சர்க்கரை போட்ட காப்பியையே தொட்டுப் பூசியிருக்கிறார்கள். சௌத்ரி புத்தகத்தைத் தூக்கிக் காட்டியதும் எறும்புப் படை அவர் சட்டைக் கைக்குள் புகுந்துவிட்டது. அவர் மேடையில் ஆடிய ஆட்டத்தை விண்வெளிச் சங்கத்தின் கலாசார நிகழ்ச்சி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. தமிழில் நான் விட்டுவிடுவதாகச் சொன்ன அந்த வசவுப் பாதியை அவர் மைக்கிலேயே பேசினார்.

சங்கம் அதன்பிறகும் சில வருஷம் ஓடியது. செவ்வாய் சார் ரிடையராகித் தஞ்சாவூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயும் யாரையாவது நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருப்பார். எனக்கு அவரை நினைத்தால் ஞாபகத்துக்கு வருவது விழா நடந்து சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம்.

அம்மாவுக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்து, சாமுவேல் எங்களை எஸ்.டி.டி. பூத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். கம்பாலாவில் பக்கத்து வீட்டு போனுக்கு அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். சாமுவேல் பேசினான், சிரித்தான், சட்டென்று ரிசீவரைச் செவ்வாய் சார் காதில் வைத்துவிட்டு வெளியே வந்தான். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவர் தனியாக நின்றார். அந்த அம்மா அவள் பாஷையில் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. சின்னப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் மீட்டர் நின்றுவிட்டது. லைன் போய்விட்டது. அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

வெளியே வரிசையில் நின்றவர்கள், "ஜல்தி கரோ பாய் சாப், பேச்சு முடிஞ்சுதே" என்று கத்தினார்கள். ஒருவன் கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினான். என் உடம்பு அந்தக் காலத்தில் நல்ல வாட்டசாட்டம். கதவை அடைத்தாற்போல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன், அவராக வெளியே வரும்வரைக்கும்.